தேவார வகுப்புக்கு ஓர் உலகக் கடிகாரம்: 2024இல் சோதித்துப் பார்த்தவை

2024 மார்ச் 23, சனிக்கிழமை. டொரண்டோவில் ஐந்து பிள்ளைகள் காலை 9 மணிக்கு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கும்பகோணத்தில் அப்போது மாலை 6:30. தேவாரம் சொல்லித்தரும் ஓதுவார் ஐயா கோயிலில் மாலைப் பூசையான சாயரட்சைக்குப் பாடிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டு, இன்றைக்கு வகுப்பு இல்லை போலிருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்கள். ஐயா வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சரியாக 7:30க்குத் திரையைத் திறந்தபோது லண்டன் பிள்ளைகள் மூவர் மட்டும் இருந்தார்கள்.

"டொரண்டோப் பிள்ளைங்க ஒருத்தரையும் காணுமே தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் நேரத்தை எழுதிப் போட்டவன் நான்தான். ஒரு குடமுழுக்குக்காக ஐயா இரண்டு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. வகுப்பு மறுபடி 23ஆம் தேதி தொடங்கும் என்று மார்ச் 1ஆம் தேதியே எல்லாருக்கும் சொல்லிவிட நினைத்தேன். கைபேசிக் கடிகாரத்தில் டொரண்டோவைப் பார்த்தேன். நமக்கு 10½ மணி நேரம் பின்னால் என்று காட்டியது. கழித்துப் பார்த்து, "இந்தியா மாலை 7:30, லண்டன் மதியம் 2, டொரண்டோ காலை 9" என்று எழுதினேன். மார்ச் 1க்கு அந்தக் கணக்கு சரி. 23க்குத் தப்பு. இடையில் மார்ச் 10 ஞாயிறு அதிகாலையில் டொரண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். நம் மாலை 7:30 என்பது அங்கே காலை 10 ஆகிவிட்டிருந்தது.

அந்த ஐவரில் ஒரு பெண்பிள்ளை ஒரு பதிகம் முழுவதையும் பாராமல் பாடுவதற்கு மூன்று வாரமாகப் பயிற்சி எடுத்திருந்தாள். அன்று பாடுவது அவள் முறை. அதைக் கேட்ட பிறகுதான், இனி இந்த வேலையை விரல்விட்டு எண்ணிச் செய்யக் கூடாது, ஒழுங்கான கருவி ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன். அன்று தொடங்கி நவம்பர் வரை என்னென்ன செய்து பார்த்தோம், எது நின்றது, எது நிற்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டோ பரதமோ கணக்கோ சொல்லித்தருகிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும்.

வகுப்பும் அதன் கட்டுப்பாடுகளும்

மொத்தம் பதின்மூன்று பிள்ளைகள். டொரண்டோவில் ஐந்து, லண்டனில் மூன்று, சிங்கப்பூரில் இரண்டு, மெல்போர்னில் இரண்டு, பிரிஸ்பேனில் ஒன்று. எல்லாரையும் ஒரே வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது ஐயாவின் ஆசை. கூட்டமாகப் பாடினால்தான் பிள்ளைகளுக்குச் சுருதி நிற்கும் என்பார்.

அந்த ஆசை நடக்காது என்பது முதல் கருவியைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. டொரண்டோவில் பிள்ளைகள் எழுந்திருக்கும் காலை 8 மணி, மெல்போர்னில் அதே நாள் இரவு 10 மணி. அது கூட ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். அங்கே கோடை வந்துவிட்டால் இடைவெளி இன்னும் கூடி, இரவு 11, 12 என்று போகும். எந்தக் கடிகாரத்தாலும் இல்லாத ஒரு நேரத்தைக் கண்டுபிடித்துத் தர முடியாது. ஆனால் நல்ல கருவி "அப்படி ஒரு நேரம் இல்லை" என்பதைப் பார்த்தவுடன் புரிய வைத்துவிடும். அதுவரை நாங்கள் மாதக்கணக்கில் இதைப் பேசிப் பேசி யாரோ ஒருவரைத் தூக்கத்தில் எழுப்பிக்கொண்டிருந்தோம்.

எனவே இரண்டு வகுப்பு. கிழக்கே இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை காலை 10 மணி, மேற்கே இருப்பவர்களுக்கு மாலை 7:30. இந்த இரண்டு நேரமும் கோயில் பூசையை ஒட்டி அமைந்தவை. காலசந்தி முடிந்து உச்சிக்காலம் வருவதற்கு முன்னால் ஒரு வகுப்பு. சாயரட்சை முடிந்து அர்த்தசாமத்துக்கு முன்னால் இன்னொன்று. ஐயாவின் நாளில் வேறு இடைவெளி கிடையாது.

தப்பு எங்கே இருந்தது

பார்க்கப் போனால் என் கைபேசிக் கடிகாரம் பொய் சொல்லவில்லை. "இப்போது டொரண்டோவில் மணி என்ன" என்ற கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தந்தது. நான் கேட்டிருக்க வேண்டியது, "மூன்று வாரம் கழித்து, அந்தச் சனிக்கிழமை, நமக்கு 7:30 ஆகும்போது அங்கே மணி என்ன" என்பது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். உலகக் கடிகாரம் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவை. வகுப்புக்கோ கூட்டத்துக்கோ நேரம் குறிக்கிறவருக்கு வேண்டியது இரண்டாவது.

இந்தியாவில் இருக்கிற நமக்கு இது எளிதில் மனத்தில் ஏறுவதில்லை. நம் கடிகாரம் ஆண்டு முழுக்க அசைவதில்லை. சிங்கப்பூரும் அப்படித்தான், 1982இலிருந்து உலகப் பொது நேரமான யூடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால் நிற்கிறது. நமக்கும் அவர்களுக்கும் 2½ மணி நேரம் என்று ஒருமுறை மனப்பாடம் செய்தால் போதும். அந்தப் பழக்கத்தில் லண்டனுக்கு 5½, டொரண்டோவுக்கு 10½ என்றும் ஓர் அட்டையில் எழுதி ஐயா வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருந்தேன். அது பாதி ஆண்டுக்குத்தான் செல்லும்.

பாதி ஆண்டு என்பதும் எல்லாருக்கும் ஒரே பாதி இல்லை. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடை நேரம், அதாவது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நிற்கும் காலம். அமெரிக்காவிலும் டொரண்டோவிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. மெல்போர்னில் கோடையே நம் மார்கழி, தை மாதங்களில் வருவதால், அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை. பிரிஸ்பேன் அதே ஆஸ்திரேலியாதான், அதே கிழக்குக் கரைதான், ஆனால் குயின்ஸ்லாந்து மாநிலம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. குளிர்காலத்தில் ஒரே மணி காட்டும் இரண்டு நகரங்கள் கோடையில் ஒரு மணி நேரம் பிரிந்து நிற்கும். எங்கள் மெல்போர்ன் பிள்ளையும் பிரிஸ்பேன் பிள்ளையும் அக்காள் தங்கை மக்கள். இரண்டு வீட்டாருமே இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

வட அமெரிக்காவின் தேதிகளும் பழைய காலத்தவை இல்லை. 2005இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் கொண்டுவந்து 2007 முதல் கோடை நேரத்தை நீட்டினார்கள், கனடாவின் பெரும்பகுதியும் கூடவே போனது. அதற்கு முன்பு இலையுதிர் காலத்தில் லண்டனும் டொரண்டோவும் ஒரே ஞாயிறில் மாறின. இப்போது அந்த இரண்டு ஊருக்கும் "எப்போதும் 5 மணி வித்தியாசம்" என்று சொல்வதே தவறு. மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் அது 4 மணியாகச் சுருங்கிவிடும். எங்கள் மார்ச் 23 அந்த இடுக்கில்தான் விழுந்தது.

ஒரு தேர்வுத்தாள்

கருவிகளை ஒப்பிட ஒரே கேள்வியை எல்லாவற்றிடமும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். 2024 அக்டோபர் 26, நவம்பர் 2, நவம்பர் 9, இந்த மூன்று சனிக்கிழமைகளிலும் இந்திய நேரம் மாலை 7:30க்கு லண்டனிலும் டொரண்டோவிலும் மணி என்ன?

இந்த மூன்று வாரத்தையும் வேண்டுமென்றே எடுத்தேன். அக்டோபர் 27 லண்டன் மாறுகிறது, நவம்பர் 3 டொரண்டோ மாறுகிறது. ஆகவே விடை மூன்று வாரமும் மூன்று விதம். முதல் சனி லண்டனில் மதியம் 3, டொரண்டோவில் காலை 10. இரண்டாம் சனி லண்டனில் 2, டொரண்டோவில் 10. மூன்றாம் சனி லண்டனில் 2, டொரண்டோவில் 9. இந்த மூன்று வரியையும் சரியாகச் சொல்லும் கருவியை நம்பலாம். கருவி தேடுகிற யாரும் தங்கள் ஊர்களுக்கு இப்படி ஒரு தேர்வுத்தாளை முதலில் தயாரித்துக்கொள்வது நல்லது. விளம்பரத்தில் எத்தனை நகரம், எத்தனை வண்ணம் என்று எழுதியிருப்பதைப் படிப்பதை விட இது பயன்படும்.

கைபேசியோடு வருகிற கடிகாரச் செயலி, ஐபோனோ ஆண்ட்ராய்டோ, தேர்வுக்கே உட்காரவில்லை. தேதி கேட்க அதில் இடமில்லை. விண்டோஸ் கணினியின் மூலையில் கூடுதலாக இரண்டு ஊர்க் கடிகாரங்களை வைத்துக்கொள்ளலாம், அதுவும் இப்போதைய மணியை மட்டும் காட்டும். இவற்றைக் குறை சொல்லவில்லை. "இப்போது போன் போட்டால் தூங்கிக்கொண்டிருப்பார்களா" என்று பார்க்க இவற்றை விட எளிதானது இல்லை. இன்றும் என் கைபேசியின் முகப்பில் டொரண்டோவும் மெல்போர்னும் இருக்கின்றன. நேரம் குறிக்க மட்டும் அவற்றைப் பார்ப்பதில்லை.

எக்செல் அட்டவணை ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். ஊருக்கு ஒரு நிரல், இந்திய நேரத்திலிருந்து கழிக்க ஒரு எண். மூன்று சனிக்கிழமையில் ஒன்றுதான் சரியாக வந்தது. ஒவ்வொரு மாற்றத் தேதிக்கும் எண்ணை மாற்றி எழுதினால் வரும்தான். அதை நினைவில் வைத்துச் செய்யத் தெரிந்திருந்தால் மார்ச் 23 நடந்திருக்காதே.

அப்புறம் வேர்ல்ட் டைம் பட்டி. ஊர்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தி, இருபத்துநான்கு மணியையும் கட்டம் கட்டமாக விரித்துக் காட்டுகிற தளம் இது. மேலே தேதியை மாற்றலாம். ஒரு கட்டத்தின் மேல் கோட்டை நகர்த்தினால் எல்லா ஊரின் மணியும் நேர்க்கீழே தெரியும். இரவுக் கட்டங்கள் வேறு நிறத்தில் இருக்கும். மூன்று சனிக்கிழமையையும் சரியாகச் சொன்னது. டொரண்டோவும் மெல்போர்னும் ஒரே வகுப்பில் சேராது என்பதை ஐயாவுக்குப் புரிய வைத்ததும் இந்தக் கட்டங்கள்தான். ஒரு வரிசை வெளிச்சமாக இருக்கும்போது இன்னொன்று இருட்டாக இருப்பதை அவரே விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இவங்களுக்கு அர்த்தசாமம், அவங்களுக்குக் காலசந்தி" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நார்வே நாட்டின் ஸ்டாவங்கர் நகரிலிருந்து நடக்கிற டைம் அண்ட் டேட் தளத்தில் இரண்டு கருவிகள் எங்களுக்குப் பயன்பட்டன. ஒன்று கூட்டத் திட்டமிடல் அட்டவணை. வேலை நேரம் பச்சை, விழித்திருக்கும் நேரம் மஞ்சள், தூங்கும் நேரம் சிவப்பு. நம் அரை மணி இதில் ஒரு சின்னச் சிக்கல். அட்டவணை முழு மணி முழு மணியாகப் போவதால், இந்தியாவை முதலில் போட்டால் 7:30 என்ற வரி கண்ணில் படாது. லண்டனை முதலில் போட்டேன், உடனே இந்தியாவின் நிரலில் எல்லாம் அரை அரையாக வந்து 7:30 கிடைத்துவிட்டது. நேபாளத்தில் யாராவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அங்கே கால் மணிக் கணக்கு, யூடிசிக்கு 5:45 முன்னால்.

இரண்டாவது கருவி நிகழ்ச்சி அறிவிப்பு. ஒரு நேரத்தையும் ஊரையும் கொடுத்தால் ஓர் இணைப்பு கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் போட்டால் திறக்கிறவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் மணி தெரியும். ஒரே ஒரு முறை நடக்கும் நிகழ்ச்சிக்கு இதைப் போல் வேறு இல்லை என்பது என் எண்ணம். கணக்கு தொடங்க வேண்டாம், செயலி இறக்க வேண்டாம், வயதான தாத்தா பாட்டியும் தொட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டு நவராத்திரிக்கு ஒரு சிறப்புப் பாராயணம் வைத்தோம். அதற்கு இதைத்தான் அனுப்பினேன், எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

வாரா வாரம் நடக்கும் வகுப்புக்குக் கடைசியில் நிலைத்தது கூகுள் காலண்டர். இது உலகக் கடிகாரமே இல்லை, நாட்காட்டி. ஆனால் எங்களுக்கு வேண்டிய பதில் இதில்தான் இருந்தது. நிகழ்ச்சியைப் போடும்போதே அது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்கிறது. பெற்றோரை விருந்தினராகச் சேர்த்துவிட்டால் அவரவர் கைபேசியில் அவரவர் மணி. யாரும் எதையும் கழிக்கவோ கூட்டவோ வேண்டாம். மூன்று சனிக்கிழமையையும் சரியாக விரித்துக் காட்டியது.

யாருடைய கடிகாரம்

ஆனால் அதிலும் ஒருமுறை சறுக்கினோம். என்னைப் பொறுத்தவரை இந்த முழு ஆய்விலும் கற்றுக்கொண்டது இந்த இடத்தில்தான்.

கிழக்கு வகுப்புக்கான நிகழ்ச்சியை நான் போடவில்லை. மெல்போர்ன் அம்மா ஒருவர், "அண்ணா, இதை நான் பண்ணிடறேன்" என்று ஆகஸ்டில் தன் கைபேசியிலிருந்தே போட்டு எல்லாருக்கும் அனுப்பினார். ஒவ்வொரு சனியும் அவருடைய மதியம் 2:30. ஐயாவுக்குக் காலை 10, சிங்கப்பூருக்கு 12:30, பிரிஸ்பேனுக்கும் 2:30. எல்லாம் சரியாக ஓடியது. அக்டோபர் முதல் வாரம் அடுத்த சனிக்கிழமையைப் புரட்டிப் பார்த்தேன். 12ஆம் தேதி வகுப்பு ஐயாவின் நாட்காட்டியில் காலை 9 மணிக்கு நின்றது.

காலண்டர் தப்புச் செய்யவில்லை. மெல்போர்ன் நேரம் 2:30 என்று சொல்லித்தானே போட்டிருக்கிறது. 6ஆம் தேதி மெல்போர்ன் ஒரு மணி முன்னே போனதும், அங்கே 2:30ஐ அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற எல்லா ஊரையும் நகர்த்திவிட்டது. ஐயாவுக்கு 9, சிங்கப்பூருக்கு 11:30, பிரிஸ்பேனுக்கு 1:30. கடிகாரத்தையே தொடாத மூன்று ஊர்களும் மாறிவிட்டன. கடிகாரத்தை மாற்றிய ஊர் மட்டும் மாறவில்லை. காலை 9 மணிக்கு ஐயா காலசந்தியில் இருப்பார்.

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே அதுவரை நாங்கள் யாரும் பேசவில்லை. பல ஊர்க் கடிகாரங்கள் வெவ்வேறு நாளில் நகரும்போது, வகுப்பு ஏதாவது ஒரு கடிகாரத்தில்தான் நிலையாக நிற்க முடியும். மற்றவர்களில் பலருக்கு அது ஆண்டில் இரண்டு முறையாவது நகரத்தான் செய்யும். எந்த ஊர் நிலையாக நிற்பது என்று மனிதர்கள் பேசித் தீர்மானித்துச் சொன்னால்தான் கருவி அதைக் காப்பாற்றித் தரும்.

அந்த ஞாயிறே எல்லாப் பெற்றோரையும் கூட்டிப் பேசினோம். டொரண்டோ அப்பா ஒருவர் எதிர்க்கட்சியாகப் பேசினார், அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சனிக்கிழமை காலை 11 மணிக்கு அவர் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு. கோடையில் தேவாரம் 10 மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் பிள்ளை சாப்பிடாமல் ஓட வேண்டியிருக்கிறது. அவர்கள் ஊர் நேரத்தில் எப்போதும் 9 என்று வைத்துவிட்டால் நிம்மதி. அப்படி வைத்தால் நம் ஊரில் ஆண்டில் எட்டு மாதம் 6:30க்கு வகுப்பு. பூசை நேரத்தை யாருக்காகவும் நகர்த்த முடியாது என்று ஐயா மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நீச்சல் வகுப்பை அடுத்த பருவத்தில் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்வதாக அவரே சொல்லிவிட்டார். கோடை மாதங்களில் மேற்கு வகுப்பைப் பத்து நிமிடம் முன்னதாக முடிப்பதாக ஐயாவும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு வகுப்பும் கும்பகோணம் கடிகாரத்தில். பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு நானே புதிதாகப் போட்டேன்.

பட்டியலில் நம் ஊரைத் தேடுவது

நேர மண்டலம் கேட்கும் இடத்தில் சென்னை என்று தட்டினால் சில செயலிகளில் வராது. கொல்கத்தா என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து ஒரு பெற்றோர், வேறு ஏதோ நேரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். கிட்டத்தட்ட எல்லாக் கைபேசிகளும் இணையத் தளங்களும் ஒரே நேர மண்டலத் தரவுத்தளத்தை வைத்துத்தான் ஓடுகின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது அது. பால் எக்கர்ட் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார். 2011 முதல், இணைய முகவரி எண்களை ஒதுக்கித் தரும் ஐயானா அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. கண்டத்தின் பெயர், பிறகு ஒரு நகரத்தின் பெயர் என்பது அதன் முறை. இந்தியா முழுமைக்கும் ஆசியா, கொல்கத்தா என்ற ஒரே பதிவு. விண்டோஸ் மட்டும் சென்னையையும் சேர்த்து நான்கு நகரங்களை ஒரே வரியில் எழுதுகிறது.

ஊர் பெயரைத் தேர்ந்தெடுங்கள், மூன்றெழுத்துச் சுருக்கத்தைத் தொடாதீர்கள் என்று குழுவில் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்திய நேரம், அயர்லாந்துக்காரருக்கு அவர் ஊர்க் கோடை நேரம், இஸ்ரேல்காரருக்கு இஸ்ரேல் நேரம். டொரண்டோவுக்கு ஈஎஸ்டி என்று தேர்ந்தெடுத்தால் சில இடங்களில் ஆண்டு முழுக்க யூடிசிக்கு ஐந்து மணி பின்னால் என்றே நின்றுவிடும், கோடை நேரம் அதில் கிடையாது. டொரண்டோ என்று தட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

கொழும்புக்கும் தனிப் பதிவு உண்டு. இன்றைக்கு அதுவும் நம் நேரம்தான், பிறகு எதற்குத் தனியாக என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பதில் சொன்னவர் அதே டொரண்டோ அப்பா. அவர் வன்னியில் வளர்ந்தவர். 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அக்டோபரில் அரை மணி குறைத்து யூடிசிக்கு 6 மணி முன்னால் என்று வைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய 5:30லேயே நின்றன. 2006 ஏப்ரலில் அரசும் 5:30க்குத் திரும்பும் வரை ஒரே தீவில் இரண்டு நேரம். "ஓமந்தை தாண்டினா மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேணும் அண்ணை" என்றார். அவர் பிள்ளைகள் இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். திரையில் அந்தச் சின்னப் பையன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசாங்கம் நினைத்தால் நேரம் மாறும். ஆகவே எந்தக் கருவியும் அதற்குக் கிடைத்த தகவல் அளவுக்குத்தான் சரியாக இருக்கும். 2023இல் லெபனானில் நடந்ததை இதற்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். மார்ச் 26 அதிகாலை கோடை நேரம் தொடங்க வேண்டும். மூன்றே நாள் முன்னதாக, 23ஆம் தேதி, இடைக்காலப் பிரதமர் நஜீப் மிக்காத்தி அதை ரமலான் முடியும் வரை தள்ளிவைப்பதாக அறிவித்தார். மாரோனியத் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிலையங்களும் ஏற்க மறுத்துத் தங்கள் கடிகாரத்தை முன்னே நகர்த்தின. கைபேசிகளில் சில தாமாக மாறின, சில மாறவில்லை. சில நாட்கள் ஒரே ஊரில் இரண்டு மணி. கடைசியில் 27ஆம் தேதி அமைச்சரவை முடிவைத் திருப்பி எடுத்துக்கொண்டது, 29ஆம் தேதி நள்ளிரவில் கடிகாரம் மாறியது. மூன்று நாளில் எந்தத் தரவுத்தளத்தை மாற்றி, எத்தனை கைபேசிக்கு அனுப்ப முடியும்?

எங்கள் ஊர்களிலும் இது நடக்காது என்று சொல்வதற்கில்லை. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் கடிகாரம் மாற்றுவதை நிறுத்த 2020இலேயே சட்டம் இயற்றி வைத்திருக்கிறது, க்யூபெக்கும் நியூயார்க்கும் சேர்ந்தால் செய்வோம் என்ற நிபந்தனையோடு. அதனால் கைபேசியின் இயங்குதளப் புதுப்பிப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம். புதிய நேர விதிகள் பெரும்பாலும் அதோடு சேர்ந்துதான் வருகின்றன. புதுப்பிப்பு வருவது நின்றுபோன பழைய கைபேசி நம்மிடம் இருந்தால், அதில் தெரியும் வெளிநாட்டு நேரத்தை இன்னொன்றோடு ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்று சனிக்கிழமைகள் வந்தன

முடிவான ஏற்பாடு இது. வாராந்திர வகுப்பு இரண்டும் கூகுள் காலண்டரில், கொல்கத்தா நேர மண்டலத்தில், என் கணக்கிலிருந்து. சிறப்பு நிகழ்ச்சிக்கு டைம் அண்ட் டேட் இணைப்பு. புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால், எந்த வகுப்பு பொருந்தும் என்று பார்க்க வேர்ல்ட் டைம் பட்டி. இவை மூன்றுக்கும் நாங்கள் காசு எதுவும் கட்டவில்லை. ஐயா வீட்டுச் சுவரில் இருந்த அட்டையைக் கிழித்துவிட்டு, மாற்றம் வரும் ஞாயிற்றுக்கிழமைகளை அவருடைய தினசரி நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டேன். அந்த ஞாயிறுக்கு அடுத்து வரும் வியாழன், "வரும் சனிக்கிழமை உங்கள் ஊரில் மணி இது" என்று குழுவில் ஒரு வரி எழுதுவேன். காலண்டர் இருக்கும்போது இது தேவையா என்று கேட்கலாம். தேவை. வாரா வாரம் 10 மணிக்கு வந்து பழகிய பிள்ளையின் உடம்பு 10 மணியைத்தான் எதிர்பார்க்கும்.

அக்டோபர் 26, எட்டுப் பேரும் வந்தார்கள். நவம்பர் 2, லண்டனுக்கு மட்டும் மணி மாறிய வாரம், எட்டுப் பேரும் வந்தார்கள். மார்ச்சில் பாட முடியாமல் போன பெண்பிள்ளை அதற்குள் இன்னும் மூன்று பதிகம் கற்றுவிட்டிருந்தாள். அன்று அவளையே முதலில் பாட விட்டார் ஐயா.

நவம்பர் 9, ஏழு பேர். டொரண்டோவில் ஒரு பையன் வரவில்லை. விசாரித்ததில் காலண்டரில் பிழை ஏதும் இல்லை. அவனுடைய பெற்றோர் அன்று வேலைக்குப் போயிருந்தார்கள், பாட்டிதான் வீட்டில். 9 மணிக்கு வகுப்பு என்பது பாட்டிக்குத் தெரியும், நான் அனுப்பிய வரியை மகள் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஆனால் பாட்டி பார்த்தது சமையலறை அடுப்பில் இருக்கும் கடிகாரத்தை. அதை யாரும் பின்னுக்குத் திருப்பி வைக்கவில்லை. அடுப்பில் 9 ஆனபோது ஊரில் 8. ஒரு மணி நேரம் முன்னதாகப் பேரனைக் கூட்டி வந்து உட்கார வைத்து, யாரையும் காணாமல் இருபது நிமிடத்தில் எழுப்பி அனுப்பிவிட்டார்.

ஐயா இதைக் கேட்டுவிட்டு அன்றிரவு அர்த்தசாமம் முடிந்ததும் அந்த வீட்டுக்குக் காணொளியில் அழைத்தார். பையனைக் கூப்பிட்டு, அன்று நடந்த பாடத்தை அவனுக்கு மட்டும் தனியாக ஒருமுறை சொல்லிக்கொடுத்தார். முடிந்ததும் எழுந்து போய் அடுப்புக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார். அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பாட்டி கைபேசியைப் பிடித்துக் காட்டிக்கொண்டே இருக்க, பொத்தானை அழுத்தி மணியை மாற்றினான். மார்ச் மாதம் மறுபடி மாற்றுவது தன் வேலை என்று அவனே சொன்னான். அவன் பெயரில் காலண்டரில் அதற்கும் ஒரு நினைவூட்டல் போட்டிருக்கிறேன், டொரண்டோ நேரத்தில்.